சட்டத்துக்குள் ஒரு பலிபீடம்

செங்குத்தாக ஏறும் படிக்கட்டு, உச்சியில் ஒரு கோயில். அதன் முன்னால் கல்லின்மேல் மல்லாத்திக் கிடத்தியிருக்கும் மனிதனின் மார்பில் பூசாரி கத்தியை இறக்குகிறார். படிகளில் சிவப்பு வழிந்து இறங்குகிறது. அடிவாரத்தில், சற்று முன்பு பலியானவனின் உடல் கிடக்கிறது. அஸ்டெக் என்ற சொல்லைக் கேட்டதும் உலகில் பலருக்கும் நினைவில் எழுகிற படம் இதுதான். பாடநூல்களிலும் ஆவணப்படங்களிலும் கலைக்களஞ்சியங்களிலும் வந்து வந்து அது ஏறக்குறைய ஒரு முத்திரையாகவே ஆகிவிட்டது. இப்போது கேன்வாஸிலும் பளபளப்புத் தாளிலும் அச்சாகி, மரச் சட்டம் போட்டு, வரவேற்பறைச் சுவருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இணையக் கடைகளில் ‘பழங்கால அஸ்டெக் ஓவியம்’ என்ற பெயரில் விலைக்குக் கிடைக்கிறது. அளவைச் சொன்னால் அந்த அளவில் அச்சிட்டு அனுப்புகிறார்கள்.

வாங்கும் ரசனையைப் பற்றி இங்கே விவாதம் இல்லை. கொலைக்காட்சியைச் சுவரில் மாட்டுவது புதிதும் அல்ல. ஐரோப்பிய தேவாலயங்களில் அம்பு தைத்த புனிதர்களும் தோலுரிக்கப்படும் புனிதர்களும் பல நூற்றாண்டுகளாகத் தொங்குகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் படத்தை வரைந்தவர் யார், யாருக்காக வரைந்தார், வரைந்தபோது அந்தப் படிக்கட்டு எங்கே இருந்தது? சட்டத்துக்குள் போகும்போது கத்தரிக்கப்படுவது ஓரத்துத் தாள் மட்டுமில்லை, இந்தக் கேள்விகளும்தான்.

படத்தின் இருப்பிடம் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்து மத்திய தேசிய நூலகம். அங்கே ‘மாக்லியாபெக்கியானோ சுவடி’ என்ற ஓவியச் சுவடி இருக்கிறது; அதன் 70ஆம் ஏட்டின் முன்பக்கம் இது. பெயரைப் பார்த்து அஸ்டெக் மன்னர் யாரோ என்று நினைக்க வேண்டாம். அந்தோனியோ மாக்லியாபெக்கி (1633–1714) பிளாரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் நூலகராக இருந்தவர், புத்தகப் பித்தர். சாகும்போது ஏறத்தாழ 30,000 நூல்களை ஊருக்கு எழுதிவைத்துப் போனார். அந்தக் குவியலில் ஒன்றாகக் கிடந்த சுவடியை 1890இல் கண்டெடுத்தவர் அமெரிக்க ஆய்வாளர் ஸீலியா நட்டால். 1903இல் அவரே அதை அப்படியே படியெடுத்து வெளியிட்டார். அதற்கு முன் இந்தப் படிக்கட்டுக் காட்சி உலகத்துக்குத் தெரியாது.

சுவடியின் தாள் ஐரோப்பியத் தாள். பக்கங்களைப் புரட்டும் முறையும் ஐரோப்பியப் புத்தகத்துடையது. காலம் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அதாவது, 1521இல் ஸ்பானியர் அஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லானை வீழ்த்திச் சில பத்தாண்டுகள் கடந்தபின் தீட்டியது. அதற்குள் அந்த நகரத்துப் பெருங்கோயிலை இடித்து, கற்களைப் பெயர்த்துப் புது மெக்சிகோ நகரத்தைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். ஓவியர் பார்த்து வரையப் படிக்கட்டே மிச்சமில்லை. இன்னொன்றும் உண்டு. இந்தச் சுவடியே ஒரு நகல். இதற்கு முந்திய மூலம் ஒன்று இருந்து தொலைந்துபோயிற்று என்றும், மாட்ரிட் நகர அமெரிக்க அருங்காட்சியகத்திலுள்ள ‘டுடேலா சுவடி’ உள்ளிட்ட ஒரு கூட்டமே அந்த மூலத்திலிருந்து கிளைத்தது என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ‘அசல் அஸ்டெக் ஓவியத்தின் அச்சு’ என்று விற்பது, ஒரு நகலின் ஒளிப்படத்தின் அச்சு.

அப்படியானால் அசல் என்று எதைச் சொல்வது? ஸ்பானிய வெற்றிக்கு முந்திய மத்திய மெக்சிகோவில் புத்தகம் உண்டு, அதை எழுதும் ஓவியர்களும் உண்டு. மான்தோலிலோ, மரப்பட்டையை அடித்துச் செய்த அமாத்தே தாளிலோ, நீள நாடாவாக ஒட்டி, விசிறிபோல் மடித்து வைப்பார்கள். கறுப்புக் கோடு, நிழலே இல்லாத தட்டையான நிறம், ஒவ்வோர் உருவத்துக்கும் பொருள். ஸ்பானியப் பாதிரிமார் இவற்றைப் பிசாசின் வேலை என்று நெருப்பிலிட்டார்கள். தெற்கே மாயா நாட்டில் தியேகோ தெ லாண்டா 1562இல் மானி என்னும் ஊரில் நடத்திய எரிப்பு பெயர்பெற்றது. மெக்சிகோ பள்ளத்தாக்கிலும் இதே கதைதான். டெனோச்டிட்லானில் வெற்றிக்கு முன்பே எழுதியது என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் சுவடி இன்று ஒன்றுகூட இல்லை.

மிஞ்சியவற்றில் மிக அழகானது வாட்டிகனிலுள்ள ‘போர்ஜியா சுவடி’. விரித்தால் ஏறத்தாழ 11 மீட்டர் நீளும் மான்தோல். அது அஸ்டெக் தலைநகரத்துச் சுவடி இல்லை. அண்டைப் பகுதியான புவெப்லா, த்லாஸ்காலா வட்டாரத்தில் பிறந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். கடைகளில் அதுவும் ‘அஸ்டெக்’ என்றே விற்கிறது. அதிலும் பலி உண்டு, ஆனால் பார்வையே வேறு. அங்கே கல் கத்திக்குக் கண்ணும் பல்லும் இருக்கும். கத்தி அந்த ஓவியருக்கு வெறும் கருவி அல்ல, உயிருள்ள ஒன்று. இது ஓவியரின் கற்பனையும் அல்ல. மெக்சிகோ நகரத்தில் பெருங்கோயிலின் இடிபாடுகளைத் தோண்டியபோது கண்ணும் பல்லும் பதித்த நிஜக் கல் கத்திகள் காணிக்கைக் குழிகளிலிருந்தே வெளிவந்தன. போர்ஜியா சுவடியில் பலி என்பது அண்டம் இயங்கும் விதத்தைச் சொல்லும் ஒரு குறியீடு. மாக்லியாபெக்கியானோவில் அது ஒரு சம்பவம். ‘இவர்கள் இப்படிச் செய்தார்கள்’ என்று மூன்றாம் மனிதருக்கு எடுத்துக்காட்டும் காட்சி.

அந்த மூன்றாம் மனிதர் யார் என்பதற்கு நல்ல சாட்சி பெர்னார்டினோ தெ சஹாகுன்.

பிரான்சிஸ்கன் சபைத் துறவியான சஹாகுன் 1529இல் மெக்சிகோ வந்தார். 1590இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அஸ்டெக் மக்களின் மொழியான நாவாட்டிலைக் கற்றார். ஊர் ஊராகப் போய் முதியவர்களைக் கூட்டி உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். பழைய பழக்கப்படி அவர்கள் படங்கள் வரைந்து பதில் சொன்னார்கள். கூடவே இருந்த உள்ளூர் மாணவர்கள் படத்தின் கீழே விளக்கம் எழுதினார்கள். மெக்சிகோ நகரத்து த்லாதெலோல்கோவில் 1536இல் தொடங்கிய சாந்தா குரூஸ் கல்லூரியில் படித்தவர்கள் அவர்கள். லத்தீன், ஸ்பானியம், நாவாட்டில் மூன்றும் தெரிந்த தலைமுறை. அந்தோனியோ வலேரியானோ, அலோன்சோ வெகெரானோ, மார்த்தின் ஹகோபிதா, பெத்ரோ தெ சான் புவெனவெந்தூரா என்று சிலரின் பெயரை சஹாகுனே பதிவுசெய்திருக்கிறார். பல ஆண்டு உழைப்பின் முடிவில் வந்தது 12 நூல்களும் ஏறத்தாழ 2,500 படங்களும் கொண்ட மாபெரும் தொகுப்பு. இன்று பிளாரன்ஸ் நகரத்து லாரென்சியானா நூலகத்தில் இருக்கிறது. ஊர்ப்பெயரால் ‘பிளாரன்ஸ் சுவடி’ என்கிறார்கள்.

எதற்காக இவ்வளவு பாடு? காரணத்தை சஹாகுன் ஒளிக்கவில்லை. நோய் என்னவென்று தெரியாத மருத்துவர் மருந்து கொடுக்க முடியாது. பழைய வழிபாடு எப்படியிருந்தது என்று தெரியாத பாதிரியார் அது மறைவாகத் தொடர்ந்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்பது அவர் முன்னுரையில் வைக்கும் வாதம். ஆக, பலிக் காட்சிகள் முதலில் நோய்க்குறி அட்டவணைகள். பார்த்து அடையாளம் கண்டு அழிப்பதற்காக வரையச் சொன்னவை. வரைந்த கைகளோ அந்தக் கோயிலில் வணங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமான கிறிஸ்தவர்களின் கைகள். அவர்கள் மனத்தில் என்ன ஓடியது என்பதற்கு அந்தக் கோடுகள் தவிர வேறு சான்று இல்லை.

வேலை முடிந்த சூழ்நிலையும் சாதாரணமானதல்ல. 1576இல் பெருங்கொள்ளைநோய் பரவியது. த்லாதெலோல்கோ கல்லூரிக்குள் ஓவியர்கள் வரைந்துகொண்டே இருந்தார்கள். வெளியே ஊர் செத்துக்கொண்டிருந்தது. 11ஆம் நூலின் கடைசியிலும் 12ஆம் நூலிலும் படங்களில் வண்ணம் வற்றிப்போய் கறுப்புக் கோடு மட்டுமே மிஞ்சுவதை இந்த நோயோடு சேர்த்தே ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். வண்ணம் கொண்டுவர ஆள் இல்லை. அதற்கும் முந்திய 1545ஆம் ஆண்டு நோயின்போது த்லாதெலோல்கோவில் தானே 10,000 பேருக்கு மேல் புதைத்ததாக சஹாகுன் எழுதுகிறார். சுவரில் மாட்டும் பலிப் படத்தில் இரண்டு உடல்கள். அதை வரைந்த நூற்றாண்டில் புதைகுழிக்குப் போன உடல்களுக்கு எந்தச் சுவர்ப்படமும் கிடையாது.

இத்தனைக்கும், 1577இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் இந்த எழுத்துகளைப் பறிமுதல் செய்யும்படியும், அமெரிக்கப் பூர்வகுடிகளின் மூடநம்பிக்கைகளைப் பற்றி இனி எந்த மொழியிலும் யாரும் எழுதக் கூடாதென்றும் ஆணையிட்டார். நோயை அறியத் தொகுத்த நூலே நோயைப் பரப்பிவிடும் என்ற அச்சம். சுவடி எப்படியோ கடல் தாண்டி மெடிச்சி குடும்பத்தின் கைக்குப் போனது. அங்கே ஒரு வேடிக்கை. பிளாரன்ஸின் உஃபிசி மாளிகையில் ஆயுதக்கூடத்தின் கூரையில் 1588இல் லொடோவிகோ புத்தி என்னும் ஓவியர் மெக்சிகோ மனிதர்களைத் தீட்டியிருக்கிறார். இந்தச் சுவடியைப் பார்த்துத்தான் வரைந்திருப்பார் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியானால், மெக்சிகோ சுவடிப் படங்கள் பணக்கார வீட்டு அலங்காரமாக மாறியது இணையக் கடைகளுக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே.

சுவடியைச் சுவடியாகப் படித்தால் என்ன கிடைக்கும், தனிப் படமாகப் பார்த்தால் என்ன தொலையும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: பிளாரன்ஸ் சுவடியின் இரண்டாம் நூலில் வரும் டோஷ்காட்ல் விழா. ஒவ்வோர் ஆண்டும் குறையில்லாத அழகுள்ள ஓர் இளைஞன், பெரும்பாலும் போர்க்கைதி, டெஸ்காட்லிபோகா என்னும் தெய்வத்தின் உருவாகத் தேர்ந்தெடுக்கப்படுவான். ஓராண்டு முழுவதும் அவனே தெய்வம். புல்லாங்குழல் வாசிக்கவும், மலரை ஏந்தி நடக்கவும், நளினமாகப் பேசவும் கற்றுக்கொடுப்பார்கள். தெருவில் போனால் மக்கள் விழுந்து வணங்குவார்கள். மன்னரே அவனை அலங்கரிப்பார். விழாவுக்கு 20 நாள் முன்பு நான்கு தேவியரின் பெயர் சூட்டிய நான்கு பெண்களை மணமுடித்துவைப்பார்கள். கடைசி நாளில் ஒரு சிறு கோயிலின் படிகளில் அவன் தானாகவே ஏறுவான். ஏற ஏற, அந்த ஓராண்டில் வாசித்த குழல்களைப் படிக்குப் படி ஒன்றாக முறித்துப் போடுவான். மேலே பூசாரிகள் காத்திருப்பார்கள். அவன் இறந்த உடனேயே அடுத்த ஆண்டுக்கான இளைஞனின் காலம் தொடங்கிவிடும்.

சுவடியின் படத்தில் அந்த முறிந்த குழல்கள் படிகளில் கிடக்கின்றன. பக்கத்தில் நாவாட்டில் உரை இருந்தால் அவை குழல்கள். உரையை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் பெரிதாக்கி அச்சிட்டால் சிதறிக் கிடக்கும் குச்சிகள், அவ்வளவுதான்.

ஏன் இதைச் செய்தார்கள் என்பதற்கு அவர்கள் சொன்ன கதையும் சுவடிகளில் உண்டு. இது ஐந்தாவது சூரியனின் காலம். முந்திய நான்கும் அழிந்துவிட்டன. தெய்வங்கள் தேயோதிவாக்கானில் கூடி, உடலெங்கும் புண்ணுள்ள எளிய தெய்வமான நானாவாட்சின் தீயில் குதித்த பிறகுதான் இந்தச் சூரியன் உதித்தது. உதித்தும் நகரவில்லை. மற்றத் தெய்வங்களும் உயிரைக் கொடுத்த பிறகே நகர்ந்தது. தெய்வமே கொடுத்ததை மனிதன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது கணக்கு. அதனால் பூசாரிகளும் சாதாரண மக்களும் தங்கள் காதையும் நாக்கையும் கற்றாழை முள்ளால் குத்தி இரத்தம் கொடுத்தார்கள். மாக்லியாபெக்கியானோவிலேயே அப்படித் தன்னைத்தானே குத்திக்கொள்பவர்களின் படம் இருக்கிறது. சம்பிரதாயத்தின் அன்றாட முகம் அதுதான். இத்தோடு அரசியலும் கலந்தது. பெரிய விழாக்களுக்கு எதிரி நாட்டுத் தலைவர்களை அழைத்துப் பார்க்கவைத்தார்கள். வேதாந்தமும் மிரட்டலும் ஒரே மேடையில் நடந்தன என்பதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு வழுக்குப் பாதை உண்டு. ‘படத்தை வரையவைத்தவர்கள் பாதிரிமார், எனவே எல்லாம் ஸ்பானியரின் கட்டுக்கதை’ என்று ஒரு கூட்டம் சொல்கிறது. அது நிற்காது. 1978இல் மெக்சிகோ நகரத்து மின்வாரியத் தொழிலாளர்கள் தெருவைத் தோண்டும்போது கொயோல்ஷாவ்கி என்னும் தெய்வத்தின் வட்டக் கல்லைக் கண்டார்கள். அதைத் தொடர்ந்து எடுவார்டோ மாத்தோஸ் மொக்தெசுமா தலைமையில் பெருங்கோயில் அகழ்வு நடந்தது. போர்த் தெய்வமான ஹுயிட்ஸிலோபோச்ட்லியின் சன்னிதி முன் பலிக்கல் நாட்டிய இடத்திலேயே நின்றது. மழைத் தெய்வமான த்லாலோக்கின் பக்கத்தில், ஒரே காணிக்கைக் குழியில் 42 குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. 2015இல் கதீட்ரலுக்குப் பின்னால் குவாத்தமாலா தெருவில் ஒரு பழைய வீட்டுக்கு அடியில் மண்டையோடுகளைச் சுண்ணாம்பில் பதித்துக் கட்டிய வட்டக் கோபுரம் வெளிப்பட்டது. 2020 டிசம்பரில் மேலும் 119 சேர்ந்து, எண்ணிக்கை 603 ஆனது. போர்வீரர்களின் தலைகள் மட்டுமே இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்குப் பெண்களும் குழந்தைகளும் கிடைத்தார்கள். பலி நடந்தது. சுவடிகள் பொய் சொல்லவில்லை.

எண்ணிக்கைதான் வேறு கதை. 1487இல் மன்னர் அஹுயித்சோட்ல் பெருங்கோயிலைப் புதுப்பித்து விழா எடுத்தபோது 80,400 பேர் பலியானதாக டொமினிக்கன் துறவி தியேகோ டுரான் எழுதினார். விழா நான்கு நாள். இரவு பகல் நிற்காமல் நடந்திருந்தாலும் நிமிடத்துக்கு 14 பேர் ஆகிறது. பாரிஸிலுள்ள டெல்லேரியானோ-ரெமென்சிஸ் சுவடியில் இதே விழாவின் படம் இருக்கிறது. அங்கே 8,000ஐக் குறிக்கும் பை உருவம் இரண்டும் 400ஐக் குறிக்கும் உருவம் பத்தும் வரைந்திருக்கிறார்கள், கூட்டினால் 20,000. அதையும் இன்றைய ஆய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் அந்தப் பை உருவத்தை எண்ணாகப் படிக்கத் தெரியாதவருக்கு அது ஓர் அலங்காரப் பை.

இனி நகல்களின் கதை. அது சுவடிகளின் கதையைவிடச் சுவையானது.

ஐரோப்பாவில் அஸ்டெக் பலிக் காட்சியை முதலில் பரவலாகக் கொண்டுபோன செப்புத்தகட்டு அச்சுகள் தியோடோர் டி பிரை (1528–1598) பட்டறையில் பிறந்தவை. அவர் இறந்தபின் மகன்கள் தொடர்ந்தார்கள். டி பிரை அமெரிக்காவில் கால் வைத்ததே கிடையாது. அந்தப் படங்களில் பலியாகிறவனும் பலி கொடுப்பவனும் கிரேக்கச் சிலைபோல் தசை முறுக்கி நிற்பார்கள். ஸ்பெயினோடு பகைகொண்ட புராட்டஸ்டண்டு வாசகர்களை நோக்கிய தொகுப்பு அது; ஸ்பானியரின் கொடுமையும் அதே வரிசையில் அதே விறுவிறுப்போடு வரும். இவையும் இன்று சுவர்ப்படச் சந்தையில் ‘வரலாற்று ஓவியம்’ என்ற பொதுப்பெயரில் சுவடிப் படங்களோடு கலந்து கிடைக்கின்றன.

ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் 1810இல் வெளியிடத் தொடங்கிய படத்தொகுப்பில் போர்ஜியா சுவடியின் துண்டுகளைச் சேர்த்தார். அந்தச் சுவடி ஒரு பெரிய வீட்டில் கவனிப்பாரற்றுக் கிடந்து, வேலைக்காரர்களின் பிள்ளைகள் விளையாட்டாகத் தீ வைத்தபோது கர்தினால் போர்ஜியா காப்பாற்றினார் என்ற கதையைச் சொன்னவரும் அவர்தான். கதை எவ்வளவு நிஜமோ, சுவடியில் கருகிய தடங்கள் நிஜம்.

அடுத்து வந்தவர் கிங்ஸ்பரோ பிரபு. அயர்லாந்துக்காரர், எட்வர்ட் கிங் என்பது பெயர், பிறந்தது 1795இல். ஆக்ஸ்போர்டில் படிக்கும்போது போட்லியன் நூலகத்தில் மெண்டோசா சுவடி என்ற மெக்சிகோ ஓவியச் சுவடியைப் பார்த்தார். அன்றோடு மனிதர் தொலைந்தார். அமெரிக்கப் பூர்வகுடிகள் காணாமல்போன இஸ்ரேல் கோத்திரங்களின் வழிவந்தவர்கள் என்பது அவர் உறுதியான நம்பிக்கை. அதை நிரூபிக்க, ஐரோப்பிய நூலகங்களில் உள்ள மெக்சிகோ சுவடிகள் எல்லாவற்றையும் படியெடுத்து வெளியிடத் தீர்மானித்தார். அகோஸ்தினோ ஆலியோ என்ற இத்தாலிய ஓவியர் நூலகம் நூலகமாக உட்கார்ந்து ஒவ்வோர் ஏட்டையும் கையால் படியெடுத்தார். ‘மெக்சிகோவின் தொல்பொருள்கள்’ என்ற தலைப்பில் பிரம்மாண்டத் தொகுதிகள் 1831 முதல் வந்தன, மொத்தம் ஒன்பது. தாள் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் பிரபு டப்ளின் கடனாளிச் சிறையில் அடைபட்டார். சிறைக்காய்ச்சல் கண்டு 1837இல் இறந்தார். கடைசி இரண்டு தொகுதிகள் வெளிவந்தது 1848இல். கோத்திரக் கோட்பாடு காற்றில் போய்விட்டது; படங்கள் நின்றன. ஆலியோவின் கை பட்ட ஏடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து விற்பது பழம்பொருள் வணிகத்தில் இன்றும் நடக்கிறது. கிறுக்குத்தனத்துக்கு உலகம் பட்ட கடன்களில் இது ஒன்று.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒளிப்பட முறை வந்தது. லூபா கோமகன் தன் பணத்தில் போர்ஜியா (1898), மாக்லியாபெக்கியானோ (1904) முதலியவற்றை மூலத்தின் அளவிலேயே அச்சிட்டு அறிஞர்களுக்கும் நூலகங்களுக்கும் கொடுத்தார். மடிப்பு, கறை, கிழிசல் எல்லாம் அப்படியே பதிந்த நகல்கள் அவை. இன்றைய சுவர்ப்படம் இதற்கு நேரெதிர். தாளின் கறையை நீக்கி, ஸ்பானியக் கையெழுத்தை அழித்து, வண்ணத்தைத் தூக்கி, பிறகு ‘பழமை’ தெரிவதற்காக ஒரு பொய்ப் பழுப்பு நிறத்தைப் பூசிய அச்சுகள் கடைகளில் உண்டு. நிஜக் கறையை எடுத்துவிட்டுப் போலிக் கறை போடும் இந்த உழைப்பு எதற்கென்று விளங்கவில்லை.

வண்ணத்தைத் தூக்குவதிலும் இழப்பு உண்டு. அந்தச் சிவப்பு, நோபால் கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியை நசுக்கி எடுத்தது. அந்த நீலம், அவுரிச் சாயத்தை ஒரு வகைக் களிமண்ணோடு சேர்த்துச் சூடாக்கிச் செய்தது. நூற்றாண்டுகள் கடந்தும் மங்காதது. திரையில் பளிச்சென்று தெரிவதற்காக நிறத்தைக் கூட்டும்போது இரத்தம்தான் முதலில் எடுப்பாகிறது. வாங்குபவரின் கண் அங்கே போகும் என்று விற்பவருக்குத் தெரியும்.

இப்படி அச்சிட்டு விற்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? படங்களின் வயது 400 ஆண்டுக்கு மேல். பதிப்புரிமை என்ற பேச்சுக்கே இடமில்லை. பழைய ஓவியத்தை அச்சு அசலாக எடுத்த ஒளிப்படத்துக்குத் தனி உரிமை கிடையாது என்று நியூயார்க் நீதிமன்றம் 1999இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. இத்தாலியில் வேறு விதி இருக்கிறது. 2004ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துச் சட்டப்படி, அரசு நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ உள்ள பொருளை வணிகத்துக்காகப் படியெடுத்தால் அனுமதியும் கட்டணமும் வேண்டும். டா வின்சியின் ‘விட்ருவிய மனிதன்’ படத்தைப் புதிர்விளையாட்டாக விற்ற ஒரு ஜெர்மன் நிறுவனத்துக்கு எதிராக 2022இல் வெனிஸ் நீதிமன்றம் ஆணையிட்டது. இத்தாலியச் சட்டம் எல்லை தாண்டாது என்று 2024இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நீதிமன்றம் மறுத்தது. மாக்லியாபெக்கியானோ, பிளாரன்ஸ் சுவடி இரண்டும் இத்தாலிய அரசு நூலகங்களில் இருப்பதால் இந்த இழுபறி நேரடியாக இவற்றையும் தொடுகிறது.

இழுபறியில் மெக்சிகோவின் பெயர் எங்கும் வராததைக் கவனிக்கலாம். சுவடிகள் பிறந்த நாடு அவற்றைக் கடனாகக் கேட்கும் நிலையில் இருக்கிறது. 2020இல் அப்போதைய அதிபர் லோபெஸ் ஓப்ரதோர், போர்ஜியா சுவடியைக் கண்காட்சிக்குத் தந்துதவும்படி போப்புக்குக் கடிதம் எழுதினார். 1982இலோ ஒரு மெக்சிகோ பத்திரிகையாளர் பாரிஸ் தேசிய நூலகத்திலிருந்து ஒரு சுவடியைச் சட்டைக்குள் என்று சொல்லாத குறையாக எடுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். பிரான்ஸ் திருட்டு என்றது. மெக்சிகோவில் பலர் மீட்பு என்றார்கள். சுவடி மெக்சிகோவிலேயே இருக்கிறது.

எந்தப் பக்கம் சுவருக்கு வருகிறது என்பதும் ஒரு தேர்வுதான். மாக்லியாபெக்கியானோவின் தொடக்க ஏடுகளில் விழாக்காலப் போர்வைகளின் வடிவங்கள் மட்டும் பக்கம் பக்கமாக வருகின்றன. சிப்பி, சுழல், பாம்புச் சுருள், தெய்வத்தின் முகம் என்று சதுரத்துக்குள் சதுரமாக அடைத்த நெசவுக் கோலங்கள். சுவரில் மாட்ட இதைவிடப் பொருத்தமான பக்கங்கள் அந்தச் சுவடியில் இல்லை. பிறகு பாத்தோலி என்னும் தாய விளையாட்டு, நீராவிக் குளியல் அறை, கள் தெய்வங்கள். பிளாரன்ஸ் சுவடியின் 11ஆம் நூலில் பறவை, மீன், மூலிகை என்று நூற்றுக்கணக்கான படங்கள். 9ஆம் நூலில் இறகு வேலைக்காரர்கள் பசை தடவி இறகு ஒட்டும் முறை படிப்படியாக இருக்கிறது. 2,500 படங்களில் பலிக்குரியவை சிறு பங்கு. அந்தச் சிறு பங்குதான் உலகம் சுற்றுகிறது.

மெக்சிகோவும் தன் பங்குக்குக் கத்தரித்திருக்கிறது. மெண்டோசா சுவடியின் தொடக்கப் படத்தில் டெனோச்டிட்லான் பிறந்த கதை வருகிறது: நடுவில் கள்ளிச் செடிமேல் கழுகு, அதன் வலப்பக்கத்தில் ஒரு மண்டையோட்டுச் சட்டகம். கள்ளியும் கழுகும் இன்று மெக்சிகோ தேசியக் கொடியில் இருக்கின்றன. மண்டையோடு இல்லை.

இப்படியொரு படத்தை வாங்க விரும்புபவர் விற்பவரிடம் கேட்க வேண்டியவை: எந்தச் சுவடி, எத்தனையாவது ஏடு, எந்த நூலகம். பதில் ‘அஸ்டெக், 16ஆம் நூற்றாண்டு’ என்பதோடு நின்றால் அது டி பிரை பட்டறையின் கற்பனையாகவும் இருக்கலாம், மாயா சுவடியாகவும் இருக்கலாம். பணம் கொடுக்காமல் பார்க்கவும் வழி இருக்கிறது. பிளாரன்ஸ் சுவடி முழுவதையும் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து கெட்டி ஆய்வு நிறுவனம் 2023இல் இணையத்தில் திறந்துவிட்டது; ஒவ்வொரு பக்கத்தின் படத்தோடும் நாவாட்டில், ஸ்பானிய உரைகளையும் அவற்றின் மொழிபெயர்ப்புகளையும் சேர்த்தே படிக்கலாம். டோஷ்காட்ல் இளைஞனின் குழல்கள் இரண்டாம் நூலில் இருக்கின்றன.